கங்கா குட்டியை உதைத்த நாள்

அத்தியாயம் 14

வெயில் ஏறுவதற்கு முன்பே கங்கா மூன்று முறை உதைத்துவிட்டாள்.

குட்டி விழவில்லை. நான்கு கால்களையும் அகட்டி வைத்து நின்றுகொண்டது. நெற்றியில் வெள்ளைத் தீற்றல் உள்ள சின்னத் தலையைத் தாழ்த்தி, வாயை மட்டும் சப்பிக்கொண்டே இருந்தது. அந்த வாய்க்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

தணிகைவேல் குதிரைக் கொட்டாய்க் கம்பத்தைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

"ராத்திரி நான் வந்து பாக்கசொல்லவே இப்படித்தான் காதை மடிச்சிகினு நின்னா. அஞ்சு நாளா வுடாம நக்கிகினு இருந்தவ. திடீர்னு இன்னா வந்திச்சி இவளுக்கு?"

பின்னால் அவன் மனைவியும் அக்காவும் நின்றிருந்தார்கள்.

மாமல்லபுரத்தில் கடற்கரைச் சவாரிக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் குதிரை விடுகிறவன் தணிகைவேல். தேவனேரியில், சவுக்குத் தோப்பை ஒட்டிய அவன் வீட்டின் பின்புறம் இரண்டு குதிரைகள் நிற்கும். சுல்தான் ஆண். கங்கா பெட்டை. அவளுக்கு இது முதல் பிரசவம். போன வாரம் குட்டியை அவன் வெளியே இழுத்தபோது மனைவி பவானிதான் விளக்குப் பிடித்தாள். அவன் அக்கா சம்பூர்ணம், கங்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். புருஷன் இறந்து தம்பி வீட்டோடு வந்துவிட்ட சம்பூர்ணம், அப்படி அழுது தீர்த்த பிறகுதான் இந்த வீட்டில் சத்தமாகச் சிரிக்கவே தொடங்கினாள்.

அதெல்லாம் நேற்று மத்தியானம் வரை.

குட்டி போட்ட குதிரையிடம் பதினோரு நாளைக்கு வெளியாள் யாரையும் அண்டவிடக் கூடாது. தணிகைவேலின் அப்பா செங்கல்பட்டு ஸ்டேஷன் வாசலில் ஜட்கா வண்டி ஓட்டிய காலத்திலிருந்து அந்தக் குடும்பத்தில் இருக்கும் கட்டுப்பாடு அது. நேற்று ஒரு மாப்பிள்ளை அழைப்புக்கு சுல்தானை வேனில் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு போனவன், காவலை அக்காவிடம்தான் விட்டுப் போனான். நேற்று பௌர்ணமி. சம்பூர்ணம் கிரிவலத்துக்குத் திருக்கழுக்குன்றம் போய்விட்டு இருட்டிய பிறகுதான் வந்தாள்.

"உன்ன நம்பித்தான்க்கா வுட்டுட்டுப் போனேன்," என்றான் தணிகைவேல். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை என்று தோன்றியது பவானிக்கு.

சம்பூர்ணம் தலையை ஆட்டினாள். "ஆமா நைனா. நான் போயிருக்கக் கூடாது."

அவ்வளவுதான் சொன்னாள். "போய்ட்டு வா அக்கா, நான் பாத்துக்கறேன்" என்று பவானி முந்தின நாள் காலையிலிருந்து சொல்லிச் சொல்லி அனுப்பியதை அவள் சொல்லவில்லை. புடவை எடுத்துக் கொடுத்து, பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்து ஏற்றிவிட்டதையும் சொல்லவில்லை. பவானியின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பவானி உள்ளே போய் அடுப்பில் கொள்ளு வேகிறதா என்று பார்த்தாள். அது எப்போதோ வெந்துவிட்டிருந்தது.

சிறிது நேரத்தில் கூடத்திலிருந்து சம்பூர்ணம் போனில் பேசுவது கேட்டது. போத்தேரியில் காலேஜ் பசங்களுக்கு டிபன் கடை நடத்தும் அவள் மகன் செல்வராஜிடம்.

"நீ கூப்டுகினே இருந்தியே. நாளைக்குக் காலைல வந்து இட்டுகினு போ. இல்லடா, சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. இங்க எனக்கு இன்னா வேல? இருந்த ஒரு வேலயும் ஒழுங்கா செய்யல."

பவானி கரண்டியைக் கீழே வைத்தாள். எந்தச் சத்தமும் வராதபடி வைத்தாள்.

நேற்று நடந்தது இதுதான்.

கேளம்பாக்கத்தில் அடுக்குமாடியில் குடியிருக்கும் பவானியின் தங்கை பிரபா, மகளோடு காரில் வந்திறங்கினாள். குட்டியோடு போட்டோ எடுக்க வேண்டும் என்று ஏழு வயது மகள் அழுதாளாம். பிரபா இரண்டு நாள் முன்பே போனில் கேட்டிருந்தாள். பவானியால் மறுக்க முடியவில்லை. தங்கை இந்த வீட்டுக்கு வருகிறேன் என்று தானாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"செம க்யூட்டா இருக்குக்கா," என்றாள் பிரபா, கொட்டாய்க்குள் கால் வைக்காமலே.

குழந்தை மூக்கைப் பிடித்துக்கொண்டது. "பெரிம்மா, நாறுது."

அப்போது பவானி சிரித்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்: "உனக்கு இதுக்கேவா? உங்க பெரிப்பா வூட்டுக்குள்ள வரட்டும், அப்பத் தெரியும். நான் தெனம் மூக்கப் பொத்திகினுதான் படுக்கறேன்."

பிரபா விழுந்து விழுந்து சிரித்தாள். தங்கையைச் சிரிக்க வைத்ததில் பவானிக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அதன் பிறகுதான் கங்காவைக் கட்டிப்போட்டுவிட்டு, குட்டியை வீட்டின் மறுபக்கம் துவைக்கிற கல்லுக்கு அணைத்துக்கொண்டு போனாள். பிரபா கார் டிக்கியிலிருந்து குழந்தையின் ஷாம்பு பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். பவானி இரண்டு தடவை நுரைக்க நுரைக்கத் தேய்த்தாள். பழைய புடவையால் துடைத்து, பவுடர் தட்டினாள். தாயின் எச்சில், வைக்கோல், பால், எல்லாம் சேர்ந்து கஞ்சி ஆறியதுபோல் ஒரு வாசனை இருந்தது குட்டிக்கு. அது போய்விட்டது. குட்டி இப்போது பிரபா வீட்டு லிஃப்ட் மாதிரி மணத்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் கங்கா கனைத்துக்கொண்டே இருந்தாள்.

திரும்பக் கொண்டுபோய் விட்டபோது கங்கா ஆசையாகத்தான் மூக்கை நீட்டினாள். மோந்தாள். மறுபடியும் மோந்தாள். பிறகு காதை மடித்துப் பல்லைக் காட்டினாள். இருட்டுவதற்குள் அந்த மணம் மனுஷ மூக்குக்குத் தெரியாத அளவுக்குத் தணிந்துவிட்டது, கங்கா தணியவில்லை.

கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று பவானி நினைத்தாள். அப்படி நினைத்துக்கொண்டு ராத்திரி முழுவதும் விழித்துக் கிடந்தாள்.

கால்நடை டாக்டர் கோதண்டராமன் பதினொரு மணிவாக்கில் ஸ்கூட்டரில் வந்தார். வாலிப டாக்டர். கங்காவின் மடியை இரண்டு பக்கமும் அமுக்கிப் பார்த்தார். பால் பீய்ச்சி உள்ளங்கையில் பார்த்தார்.

"மடி வீக்கம் இல்ல. சுரமும் இல்ல. பால் நல்லா இறங்கியிருக்கு. இவ ஏன் சேர்க்க மாட்டேங்கறா?"

"அதான் சார் புரியல," என்றான் தணிகைவேல்.

குட்டியின் ஈறை விரலால் தடவிப் பார்த்த டாக்டரின் முகம் மாறியது. "வாய் காயுது. நேத்து ராத்திரியிலிருந்து எதுவுமே குடிக்கலையா?"

"விடியசொல்ல பசும்பால்ல தண்ணி கலந்து பாட்டில்ல ஊட்டிப் பாத்தோம் சார். வாய்க்குள்ளயே வாங்கல."

"இன்னிக்குள்ள தாய்ப்பால் உள்ள போகணும். இல்லன்னா சாயங்காலத்துக்கு மேல நிக்காது. படுத்துட்டா அப்புறம் எழுப்பறது கஷ்டம்." பையை மூடிக்கொண்டே கேட்டார்: "வெளியாள் யாராவது வந்தாங்களா? குட்டியத் தொட்டாங்களா? மேல எதாவது மருந்து, எண்ணெய் தடவினீங்களா?"

பவானி கையில் வெந்நீர்ச் செம்போடு நின்றிருந்தாள்.

தணிகைவேல் யோசிக்கவே இல்லை. "அந்த வேலையே கிடையாது சார். ஜட்கா குடும்பம். பதினோரு நாளைக்கு வெளியாள் நெழல்கூட பட வுட மாட்டோம். நான் இல்லாட்டி எங்க அக்கா, அவங்க இல்லாட்டி," என்று பவானியைக் காட்டினான், "இவ இருப்பா. கங்காவுக்குத் தண்ணி காட்டாம இவ ஒரு வாய் காப்பி குடிக்க மாட்டா."

டாக்டர் பவானியைப் பார்த்தார். பவானி செம்பைப் பார்த்தாள். தண்ணீரில் அவள் முகம் ஆடிக்கொண்டிருந்தது.

இப்போது சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் வந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் கை கழுவக் குனிந்தார். அவள் தண்ணீர் ஊற்றினாள். அந்தக் கணம் அவர் விரல்களின் வழியாக மண்ணில் இறங்கிப் போய்விட்டது.

"முதல் பிரசவத்துல சிலது இப்படி மிரளும்," என்றார் அவர். "பின்னங்காலக் கட்டிட்டுக் குடிக்க வெச்சுப் பாருங்க. ஜாக்கிரதையா. எதுன்னாலும் போன் பண்ணுங்க."

காலைக் கட்டினார்கள்.

சம்பூர்ணம் தலைக்கயிற்றைப் பிடித்தாள். தணிகைவேல் பின்னங்கால்களில் பருத்திக் கயிறு சுற்றினான். பவானி குட்டியை மடியருகே தள்ளினாள். குட்டியின் மூக்கு வயிற்றில் பட்டதும் கங்கா உடம்பையே தூக்கி எறிந்தாள். கட்டிய கால்களை உதற முடியவில்லை. இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் விழுந்தாள். எழுந்தபோது குளம்புக்கு மேலே கயிறு அறுத்த இடத்தில் ரத்தம் கோடாக வடிந்தது.

ஒரு வருஷமாக அந்தக் கால்களில் முள் ஏறாமல் பார்த்துக்கொண்டவன் தணிகைவேல். அவன் ரத்தத்தைப் பார்த்தான். பிறகு கங்காவின் முகத்தில் ஓங்கி ஒரு அடி அடித்தான்.

அவன் கங்காவை அடித்து யாரும் பார்த்ததில்லை.

"வேணாம் நைனா," என்றாள் சம்பூர்ணம்.

"பெத்த குட்டியச் சாவடிக்கிறவள இன்னா பண்ணச் சொல்ற? குட்டி போனா இவளயும் ஓட்டி வுட்டுருவேன். எனக்கு இவ மூஞ்சியில முழிக்க வாணாம்."

அவனுக்கு மூச்சு வாங்கியது. கங்கா தலையை ஒடுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். குட்டி பவானியின் கையைச் சப்பப் பார்த்தது. அந்த நாக்கு காகிதம்போல் இருந்தது.

பவானி விடுவித்துக்கொண்டு தோப்புப் பக்கம் நடந்தாள்.

சவுக்கு மரங்களுக்குள் போய் நின்று டாக்டருக்குப் போன் செய்தாள். முகம் தெரியாத போனில் சொல்வது எளிதாக இருக்கும் என்று நினைத்தாள். எளிதாகத்தான் இருந்தது. அதுவும் வெட்கமாக இருந்தது.



"இத அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார் கோதண்டராமன். திட்டவில்லை. "குதிரைக்கு மூக்குதாம்மா கண்ணு. கங்காவுக்கு இப்ப அது வேற குட்டி. வேற யாரோ குட்டி வந்து தன் மடியில வாய் வைக்குதுன்னு நினைக்குது. வெறுந் தண்ணியால துடைங்க, சோப்பு கீப்பு வேணாம். தாயோட பாலைப் பீய்ச்சி குட்டி மேல பூரா தடவுங்க. முக்கியமா தலையில, வால் பக்கத்துல. அவ சாணி மூத்திரம் பட்ட வைக்கோலால தேயுங்க. அவ மூக்குல கொஞ்சம் தைலம் தடவுங்க, மிச்சம் இருக்கற ஷாம்பு வாசனை தெரியாம இருக்கட்டும். தைல வாசனை போறதுக்குள்ள குடிக்க வைங்க. ஒரு தடவை குடிச்சிட்டா பிழைச்சுக்கும்."

"சரிங்க சார்."

"தனியா செய்ய முடியாதும்மா. பால் பீய்ச்ச ஒருத்தர், பிடிக்க ஒருத்தர் வேணும்."

"தெரியும் சார்."

போனை அணைத்த பிறகும் அவள் நின்றுகொண்டிருந்தாள். தனியாகச் செய்ய முடிந்திருந்தால் செய்திருப்பாள். யாருக்கும் தெரியாமல் தடவி, யாருக்கும் தெரியாமல் குட்டி குடித்து, கங்காவுக்குத் தானாகப் புத்தி வந்தது என்று எல்லோரும் பேசிக்கொள்ள, தானும் கூட நின்று ஆமாம் என்றிருப்பாள். அப்படிச் செய்யக்கூடியவள்தான் தான் என்பது அந்த மரங்களுக்கு நடுவில் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

திரும்பி வந்தபோது தணிகைவேல் மறுபடியும் கயிற்றை எடுத்திருந்தான்.

"அத்தக் கட்டாத," என்றாள்.

"வேற வழி கீதுன்னா சொல்லு."

"கங்கா மேல தப்பு இல்ல. நேத்து நான் குட்டியக் குளிப்பாட்டினேன். ஷாம்பு போட்டு."

அவனுக்கு முதலில் புரியவில்லை. "நீயா? எதுக்கு?"

"பிரபா வந்திருந்தா. கொழந்தயோட. போட்டோ எடுக்கணும்னு."

"பிரபா இங்க வந்தாளா?"

"ம்."

"போட்டோ எடுக்க எதுக்குக் குளிப்பாட்டணும்?"

பவானி கங்காவின் காலைப் பார்த்தாள். ரத்தத்தில் ஈ உட்கார்ந்திருந்தது. "நாறுதுன்னு சொல்லிச்சி பாப்பா."

தணிகைவேல் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டான். "கொழந்தன்னா சொல்லும். நீ இன்னா சொன்ன?"

 பவானிக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. அவன் காத்திருந்தான். தோப்புக்கு அப்பால் ஈசிஆர் சாலையில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போய் மறையும் வரை காத்திருந்தான். அவள் காதோரம் சிவந்து, கழுத்து வரை சிவந்தது. அவன் அதையும் பார்த்தான்.

"போன மாசம் பிரபா வூட்டு விசேஷம்," என்றான் மெதுவாக. "லேடீஸ் மட்டும்னு சொன்ன."

பவானி குனிந்து கங்காவின் காலிலிருந்த ஈயை விரட்டினாள்.

"அதுக்கு மின்ன அவ மாமனாருக்கு அறுவதாம் கல்யாணம். எனக்கு சவாரி கீது, வர மாட்டேன்னு நீயே சொல்லிட்டு வந்த. அன்னிக்கு எனக்கு சவாரி இல்லியே பவானி. நீ மறந்துட்டன்னு நெனச்சேன்."

அவள் தலை நிமிரவில்லை. சொல்ல வேண்டியது இன்னொன்று இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் இதுவரை சொன்னதும் சொன்னதாகாது.

"அக்கா தானா கிரிவலம் போவல. நான்தான் அனுப்பி வெச்சேன். அவங்க இருந்தா வுட மாட்டாங்கன்னு."

சம்பூர்ணம் கங்காவின் பிடரியைக் கோதிக்கொண்டிருந்தாள். "அத்த எதுக்கு இப்ப சொல்லிகினு," என்றாள்.

தணிகைவேல் அக்காவிடம் திரும்பினான். "காலைல நீ ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா குட்டி குடிச்சிருமா? நீ அவளயும் ரெண்டு வார்த்தை கேட்டிருப்ப. எனக்குக் கேட்டுப் பழக்கம்."

 டாக்டர் சொன்னதை பவானி ஒன்றொன்றாகச் சொன்னாள். தணிகைவேல் கயிற்றைத் தூக்கி எறிந்துவிட்டுச் செம்பை எடுத்தான்.

அவன் பீய்ச்சினான். சம்பூர்ணம் பிடித்தாள். பவானி குட்டியை ஈரத் துணியால் துடைத்து, வெதுவெதுப்பான பாலை நெற்றியிலும் முதுகிலும் வாலடியிலும் தடவினாள். கங்கா படுத்த மூலையிலிருந்து நனைந்த வைக்கோலை அள்ளி வந்து தேய்த்தாள். அவள் புடவையெல்லாம் சாணியும் மூத்திரமும் ஆனது. முகத்தில் வழிந்த வியர்வையைத் துடைத்ததில் கன்னத்திலும் ஆனது. எங்கும் ஷாம்பு மிச்சமில்லாமல், காது மடலுக்குள், தொடையிடுக்கில், விரல் விட்டுத் தேய்த்தாள். குட்டி அவள்மேல் சாய்ந்து நின்றது. தனியாக நிற்க அதற்குத் தெம்பு இல்லை.

"செம்பு," என்றான் தணிகைவேல். "தைலம்," என்றான். "இந்தாண்ட வா," என்றான். அன்று மாலை வரை அவளிடம் அவன் பேசியது இவ்வளவுதான்.

கங்காவின் மூக்கில் தைலம் தடவிக் கொஞ்ச நேரம் விட்டார்கள். பிறகு பவானி குட்டியைத் தாங்கிக்கொண்டு போய் முன்னால் நிறுத்தினாள். தலைப் பக்கம் முதலில்.

கங்காவின் காது மடிந்தது.

மூக்கை நீட்டினாள். குட்டியின் நெற்றியில் வைத்தாள். தன் பாலையே மோந்து மூச்சை இழுத்தாள்.   குட்டியின் விலாவில் வைத்த அவள் கையில், அதன் இதயம் எறும்பு ஓடுவதுபோல் ஓடியது.

ஒரு காது நிமிர்ந்தது. பிறகு மற்றது.

தொண்டைக்குள் ஏதோ உருள்வதுபோல் தணிந்த சத்தம் எழுப்பினாள் கங்கா. குட்டி பிறந்த அன்று எழுப்பிய அதே சத்தம். நாக்கு வெளியே வந்து குட்டியின் கண்ணை நக்கியது.

"வுடு, தானா போவட்டும்," என்றாள் சம்பூர்ணம்.

பவானி கையை எடுத்தாள். குட்டி தள்ளாடித் தள்ளாடி வயிற்றோரமாக நடந்தது. முன்காலில் முட்டியது. தேடியது. கண்டுபிடித்தது. கங்கா ஒரு காலைத் தூக்கினாள். தணிகைவேலின் கை தானாக நீண்டது. அவள் அந்தக் காலை மெல்லக் கீழே வைத்துவிட்டாள்.

சப்பும் சத்தம் கேட்டது. வாயோரம் நுரை வழிந்தது. குட்டியின் குட்டை வால் விசிறிபோல் ஆடியது.

தணிகைவேல் கங்காவின் முகத்தருகே போனான். அடித்த இடத்தைத் தடவப் போனவன், அவள் தலையை விலக்கிக்கொள்வதைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டான். அடிபட்ட காலுக்கு மஞ்சள் பத்துப் போட்டான். பிறகு வெளியே போய்விட்டான்.

சாயங்காலம் பவானி சோறு வடித்தாள். காலையிலிருந்து யாரும் எதையும் சாப்பிட்டிருக்கவில்லை. தட்டு வைத்துவிட்டுப் பின்வாசலுக்கு வந்தாள். தணிகைவேல் வேலியோரம் கவிழ்த்துப் போட்ட தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான்.

"சாப்பிட வா," என்றாள்.

"இங்கயே குடு."

"உள்ள வெச்சிட்டேன்."

"வாணாம். இங்க குந்தினா காத்து அந்தாண்ட போவுது."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வருமா என்பதைப்போல் சொன்னான். பவானிக்கு வேண்டியிருந்ததெல்லாம் அவன் கத்துவது. அவன் கத்தினால் அவளும் அழலாம். அவன் கத்தவில்லை. சாணி காய்ந்த புடவையோடுதான் அவள் இன்னமும் நின்றிருந்தாள். அதை அவன் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் அது அவனுக்குப் போதவில்லை.

தட்டை எடுத்து வந்து கொடுத்தாள். பக்கத்தில் உட்காரலாமா என்று நின்றாள். அவன் நகர்ந்து இடம் விடவில்லை. அவள் திரும்பி வந்து அடுப்படியில் தன் தட்டோடு உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்தாள். பிசைந்துகொண்டே இருந்தாள்.

பின்பக்கக் கொடியில் சம்பூர்ணம் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நேற்றுக் கிரிவலத்துக்குக் கட்டிப்போன புடவை, மத்தியானம் அலசிப்போட்டது, உள்பாவாடை, துண்டு. ஒவ்வொன்றாக மடித்துத் தோளில் போட்டாள்.

பவானி கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனாள்.

"அக்கா, ஈரமா கீதுக்கா."

"போத்தேரி போய்க் காயப் போட்டுக்கறேன். செல்வராஜ் காலைல நாஸ்தா நேரத்துக்கே வரேன்னான்."

"அதான் எல்லாம் தெரிஞ்சிப் போச்சே அக்கா. இன்னும் எதுக்கு?"

சம்பூர்ணம் கடைசித் துணியை உதறினாள். "தெரிஞ்சிப் போச்சி. ஆனா நீ சொல்ற வரைக்கும் என் மேலதான் தப்புன்னு நம்பிகினு இருந்தானே பவானி. ஒரு வார்த்த, 'நீ தானா போயிருக்க மாட்டியேக்கா'ன்னு கேக்கலயே."

வேலியோரம் அது கேட்கும் தூரம்தான். கேட்டது என்பது பவானிக்குத் தெரிந்தது. சோற்றை எடுத்த தணிகைவேலின் கை வாய்க்குப் போகவில்லை, தட்டுக்கும் திரும்பவில்லை.

அவன் எழுந்து வந்து ஒரு வார்த்தை சொல்வான் என்று பவானி பார்த்தாள். சம்பூர்ணமும், துணியை மடிக்கும் கையை நிறுத்தாமலே, கொஞ்சம் பார்த்தாள்.

அவன் எழவில்லை. சம்பூர்ணம் ஈரத் துணிகளை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். பெட்டியின் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது.